நிமலராஜனைக் கொன்றது யார்? கேட்பது லண்டன் போலீஸ்

சென்னையை ஒட்டிய கோவளம் கடற்கரையிலிருந்து வரைபடத்தில் தெற்கு நோக்கி ஒரு நேர்கோடு இழுத்தால் அது வழியில் எங்கும் கரை தொடாமல் கடலிலேயே ஓடி, ஏறக்குறைய 330 கிலோமீட்டர் தள்ளிப் பருத்தித்துறையில் போய் முட்டும். இரண்டு ஊர்களும் கிட்டத்தட்ட ஒரே தீர்க்கரேகையில் இருக்கின்றன. தாம்பரத்திலிருந்து மதுரைக்குப் போகும் தூரம்கூட இதைவிட அதிகம். பருத்தித்துறையில் இறங்கி இன்னும் முப்பது கிலோமீட்டர் சொச்சம் போனால் யாழ்ப்பாண நகரம். அங்கே 2000 அக்டோபர் 19 இரவு, வீட்டில் உட்கார்ந்து செய்தி எழுதிக்கொண்டிருந்த மயில்வாகனம் நிமலராஜனை ஜன்னல் வழியாகச் சுட்டுக் கொன்றார்கள்.

இவ்வளவு பக்கத்தில் நடந்த அந்தக் கொலையைத் துருவத் தொடங்கியது எட்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் லண்டன் மாநகரப் போலீஸ்.

2022 பிப்ரவரி 22 அன்று இங்கிலாந்தின் நார்தாம்ப்டன்ஷயரில் 48 வயது ஆண் ஒருவரை லண்டன் போலீஸின் போர்க்குற்றப் பிரிவு கைது செய்தது. நிமலராஜன் கொலை தொடர்பாக என்று அறிவித்தது. விசாரித்துவிட்டு, புலனாய்வு தொடரும் நிலையில் அவரை வெளியே விட்டார்கள். 2023இல் இன்னொருவர் கைதானார். அந்தச் சமயத்தில் போலீஸ் ஒரு வேண்டுகோளும் வைத்தது: 2000களின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்தில் என்ன நடந்தது என்று தெரிந்தவர்கள், எந்த நாட்டில் இருந்தாலும் முன்வந்து பேசுங்கள். கைது என்பது குற்றம் நிரூபணமானதாக ஆகாது. சந்தேகத்துக்கு உள்ளானவர்களும் சட்டத்தின் முன் நிரபராதிகளே. ஆனால் அந்த வேண்டுகோள் யாரை நோக்கியது என்பதைத் தமிழ்நாடு, குறிப்பாகச் சென்னை, சரியாகக் காதில் வாங்கிக்கொண்டதாகத் தெரியவில்லை.

நிமலராஜன் சாதாரணச் செய்தியாளர் அல்ல. பிபிசியின் தமிழோசைக்கும் சிங்களச் சேவையான 'சந்தேசய'வுக்கும் யாழ்ப்பாணத்திலிருந்து செய்தி கொடுத்தவர். 'வீரகேசரி'யில் எழுதினார், 'ராவய' என்ற சிங்கள வாரப் பத்திரிகைக்கும் எழுதினார். தெற்கே மாத்தறையிலோ காலியிலோ வானொலியைத் திருப்பிய ஒரு சிங்களக் குடும்பம், போர் நடக்கும் வடக்கில் என்ன நடக்கிறது என்பதை அரசாங்க அறிக்கையாகக் கேட்காமல் ஒரு யாழ்ப்பாணத் தமிழனின் வாய்வழியாகக் கேட்டது. அவரை ஆபத்தானவராக்கியது இதுதான் என்று நினைக்க நிறைய இடம் இருக்கிறது. தமிழனுக்குத் தமிழன் சொல்லும் செய்தியை யாரும் பிரச்சாரம் என்று ஒதுக்கிவிடலாம். சிங்களக் காதில் விழும் செய்தியை அப்படி ஒதுக்க முடியாது.

அந்த ஆண்டையும் நினைவில் கொள்ள வேண்டும். 1995 இறுதியில் யாழ்ப்பாணம் ராணுவத்தின் கைக்குப் போயிருந்தது. 2000 ஏப்ரலில் ஆனையிறவு முகாம் விடுதலைப் புலிகளிடம் விழுந்தது. கொழும்பு அரசு பதறிப்போய் மே மாதம் தணிக்கையை இறுக்கியது. யாழ்ப்பாணத்தின் 'உதயன்', கொழும்பின் 'சண்டே லீடர்' இரண்டுக்கும் சில காலம் பூட்டு விழுந்தது. வெளியூர்ச் செய்தியாளர் யாரும் அனுமதிச் சீட்டு இல்லாமல் வடக்கே போக முடியாது. உள்ளே இருந்து பேசக்கூடிய குரல்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். இப்படிப்பட்ட சூழலில் அக்டோபர் 10 அன்று நாடாளுமன்றத் தேர்தல் வந்தது. யாழ்ப்பாணத்தில் வாக்குச் சாவடிகளில் நடந்த முறைகேடுகளையும் மிரட்டல்களையும் நிமலராஜன் வெளியே சொன்னார். ஒன்பதாம் நாள் உயிரோடு இல்லை.

கொலை நடந்த விதமே பாதி வாக்குமூலம். ஊரடங்கு நேரம். நகரின் நடுவே ராணுவக் காவல் நிலைகள் சூழ்ந்த உயர் பாதுகாப்பு வலயம். சாதாரண ஆள் ஒருவன் அந்நேரத்தில் வாசலுக்கு வந்தாலே துவக்கு முனையில் கேள்வி வரும். அப்படியான தெருவில் ஆயுதங்களோடு ஒரு கூட்டம் வந்தது. ஜன்னல் வழியாகச் சுட்டது, தந்தையைக் கத்தியால் வெட்டியது, வீட்டுக்குள் கையெறிகுண்டை வீசியது. தாயும் பதினொரு வயது மருமகனும் காயமடைந்தார்கள். வந்தவர்கள் வந்த வழியே போனார்கள். இத்தனை காவல் நிலைகளைத் தாண்டி யாரால் அப்படிப் போக முடியும் என்ற கேள்விக்கு யாழ்ப்பாணத்தில் யாரும் பதில் தேடி அலையவில்லை. ராணுவத்தோடு சேர்ந்து இயங்கிய துணைக் குழுக்கள் மீதுதான் சந்தேகம் விழுந்தது, குறிப்பாக ஈ.பி.டி.பி. என்று அறியப்படும் ஈழ மக்கள் ஜனநாயகக் கட்சியின் ஆட்கள் மீது. கட்சி அதை மறுத்தது. இன்றுவரை எந்த நீதிமன்றமும் யாரையும் குற்றவாளி என்று சொல்லவில்லை.

சிலர் கைதானார்கள், பிணையில் வந்தார்கள். வழக்கு ஆண்டுக்கணக்கில் தவணை வாங்கியது. 2021 மே மாதம் இலங்கையின் அரசுத் தலைமை வழக்கறிஞர் அலுவலகமான சட்டமா அதிபர் திணைக்களம், சந்தேக நபர்கள் மீது மேற்கொண்டு நடவடிக்கை இல்லை என்று சொல்லிவிட்டது. இருபது ஆண்டு, ஆறு மாதம், சில நாட்கள். சுட்டவன் யார் என்று தெரியாமலேயே கோப்பை மூடிவிட்டார்கள். ஒன்பது மாதம் கழித்து நார்தாம்ப்டன்ஷயரில் கைது.

அப்படியானால் கொழும்பு போலீசுக்குத் துப்புத் துலக்கத் தெரியாதா? நன்றாகத் தெரியும். லசந்த விக்ரமதுங்க வழக்கைப் பார்த்தாலே புரியும். 'சண்டே லீடர்' ஆசிரியர் லசந்தவை 2009 ஜனவரி 8 காலை, ரத்மலானைக்குப் பக்கத்தில் அத்திடியவில், வேலைக்குப் போகும் வழியில் மோட்டார் சைக்கிள் கும்பல் ஒன்று மறித்துத் தாக்கிக் கொன்றது. தன்னைப் பின்தொடர்ந்த வண்டிகளின் எண்களை அவர் குறிப்பேட்டில் எழுதி வைத்தார். அந்தக் குறிப்பேடு போலீஸ் கைக்குப் போன பிறகு காணாமல் போனது. கொலையாளிகள் பயன்படுத்திய சிம் கார்டுகள் நுவரெலியாவைச் சேர்ந்த ஒரு தமிழ் மெக்கானிக்கின் அடையாள அட்டையைக் காட்டி வாங்கப்பட்டவை என்று கண்டுபிடித்தார்கள். கண்டுபிடித்து அந்த மெக்கானிக்கையே உள்ளே தள்ளினார்கள். 2011இல் அவர் காவலிலேயே செத்துப்போனார். சாவுக்குக் காரணம் குண்டா, கூரிய ஆயுதமா என்பதில்கூட அறிக்கைகள் முரண்பட்டன. 2016 செப்டம்பரில் பொரளை மயானத்தில் உடலைத் தோண்டியெடுத்து மறுபரிசோதனை செய்ய வேண்டி வந்தது.

2015இல் ஆட்சி மாறியதும் அதே போலீஸின் குற்றப் புலனாய்வுப் பிரிவான சிஐடி, அதே நாட்டின் அதே சம்பளம் வாங்கும் அதிகாரிகள், தொலைபேசிக் கோபுரப் பதிவுகளை வைத்து ராணுவ உளவுப் பிரிவின் கதவு வரை போனார்கள். சாட்சியத்தை மறைத்ததாக 2018இல் ஓய்வுபெற்ற டிஐஜி ஒருவரையே கைது செய்தார்கள். 2019 நவம்பரில் கோத்தபய ராஜபக்ச ஜனாதிபதியானார். லசந்த வழக்கைக் கையாண்ட சிஐடி அதிகாரி நிஷாந்த சில்வா ஒரே வாரத்தில் குடும்பத்தோடு சுவிட்சர்லாந்துக்குத் தப்பினார். அவருடைய மேலதிகாரி ஷானி அபேசேகர இடமாற்றப்பட்டு, அடுத்த ஆண்டு கைதும் செய்யப்பட்டார். 2024இல் மறுபடி ஆட்சி மாற, மறுபடி ஷானி விசாரணைப் பொறுப்புக்கு அழைக்கப்பட்டார். 2025 தொடக்கத்தில், லசந்த வழக்கின் மூன்று சந்தேக நபர்களை விடுவிக்கலாம் என்று சட்டமா அதிபர் எழுதிய கடிதம் வெளியே வந்தது. நாடு முழுக்கக் கொந்தளிப்பு எழுந்த பிறகு அது நிறுத்திவைக்கப்பட்டது.

கிணற்று நீர் ஏறி இறங்குவது போல ஒவ்வொரு தேர்தலுக்கும் ஒரு மட்டம். சாட்சியங்கள் மாறவில்லை, யார் தொலைபேசியில் கூப்பிட்டால் சிஐடி அதிகாரி எழுந்து நிற்க வேண்டும் என்பது மட்டும் மாறியது. கொல்லப்பட்டவர் கொழும்பின் புகழ்பெற்ற பத்திரிகை ஆசிரியர், சிங்களவர். மகள் அஹிம்சா விக்ரமதுங்க கலிபோர்னியா நீதிமன்றம் வரை போய்ப் போராடினார். அவருக்கே இந்தக் கதி என்றால், யாழ்ப்பாணத்து நிமலராஜனின் கோப்பு எந்த அலமாரியின் எந்தத் தட்டில் கிடந்திருக்கும் என்று ஊகிக்கக் கஷ்டமில்லை.

நிமலராஜனுக்குப் பின் கொல்லப்பட்ட பத்திரிகைக்காரர்களின் வரிசை நீளமானது. மட்டக்களப்பில் 2004 மே 31 அன்று 'வீரகேசரி'யின் ஐயாத்துரை நடேசன். கொழும்பு பம்பலப்பிட்டியில், போலீஸ் நிலையத்துக்கு எதிரிலேயே, 2005 ஏப்ரல் 28 அன்று கடத்தப்பட்டு மறுநாள் நாடாளுமன்றத்துக்கு அருகே பிணமாகக் கிடந்த 'தராக்கி' சிவராம். 2006 மே 2 அன்று 'உதயன்' அலுவலகத்துக்குள் புகுந்து சுட்டதில் இரண்டு ஊழியர்கள். அந்த வாரம் கொழும்பில் யுனெஸ்கோவின் உலகப் பத்திரிகைச் சுதந்திர நாள் விழா நடந்துகொண்டிருந்தது.

திருகோணமலை சுப்பிரமணியம் சுகிர்தராஜனைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்லியே ஆக வேண்டும். 2006 ஜனவரி 2 அன்று திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து தமிழ் மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். அவர்கள் வைத்திருந்த கையெறிகுண்டே வெடித்துச் செத்தார்கள் என்றது அதிகாரத் தரப்பு. சுகிர்தராஜன் எடுத்த படங்கள் 'சுடர் ஒளி'யில் வந்தன. தலையில் குண்டு பாய்ந்த காயங்கள் அதில் பளிச்சென்று தெரிந்தன. கையெறிகுண்டுக் கதை அன்றோடு செத்தது. மூன்று வாரம் கழித்து, ஜனவரி 24 காலை, வேலைக்குப் போகப் பேருந்துக்குக் காத்திருந்த அவரைச் சுட்டார்கள். ஒரு புகைப்படம் தடயவியல் அறிக்கையின் வேலையைச் செய்துவிட்டது. அதை எடுத்தவரையே கொன்றார்கள். இன்றைக்கும் அந்தப் படங்கள் இருக்கின்றன. அந்த ஐந்து மாணவர் கொலையிலும் சரி, அவர் கொலையிலும் சரி, தண்டனை பெற்றவர் எவரும் இல்லை.

பட்டியலை இங்கேயே நிறுத்தினால் அது நேர்மையாகாது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவப் பேராசிரியர் ராஜினி திராணகம, இந்திய அமைதிப்படை உட்பட எல்லாத் தரப்பின் கொடுமைகளையும் பதிவு செய்தவர், 1989 செப்டம்பர் 21 அன்று சுடப்பட்டார். பாரிஸ் புறநகரில் எழுத்தாளரும் பதிப்பாளருமான சபாலிங்கம் 1994 மே 1 அன்று வீட்டிலேயே கொல்லப்பட்டார். இரண்டிலும் விரல் நீண்டது புலிகளை நோக்கி. சென்னை மேடைகளில் முதல் பட்டியலை முழங்குபவர்கள் இரண்டாவதைக் கேட்டதும் தொண்டையைச் செருமுவார்கள். இரண்டாவதை மட்டும் எழுதுகிற ஆங்கிலப் பத்திரிகைக்காரர்களும் உண்டு. கொலை விசாரணை கேட்பவருக்கு இந்த வசதி கிடையாது. சாட்சி எந்தப் பக்கத்துக்காரர் என்று பார்த்து நம்புகிற நீதிமன்றத்தில் எந்தச் சாட்சியும் ஏறமாட்டார்.

லண்டன் போலீசுக்கு இந்த அதிகாரம் எங்கிருந்து வந்தது? பிரிட்டன் 2001இல் இயற்றிய சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றச் சட்டத்தின் 51ஆவது பிரிவிலிருந்து. இனப்படுகொலை, மனித குலத்துக்கு எதிரான குற்றம், போர்க்குற்றம் ஆகியவற்றை உலகின் எந்த மூலையில் செய்திருந்தாலும், செய்தவர் பிரிட்டனில் வசிப்பவரானால் அங்கேயே வழக்குப் போடலாம். முதலில் அது சட்டம் வந்த பிறகான குற்றங்களுக்கு மட்டுமே என்றிருந்தது. அப்படியே விட்டிருந்தால் 2000இல் நடந்த கொலை அதில் சிக்கியிருக்காது. 2009இல் ஒரு திருத்தம் கொண்டுவந்து, 1991 ஜனவரி 1 முதல் நடந்தவற்றுக்கும் பொருந்தும் என்றார்கள். நிமலராஜனின் கோப்பு உள்ளே நுழைந்தது அந்தத் திருத்தம் திறந்த வாசல் வழியாகத்தான்.

போர்க்குற்றம் என்று வழக்கு நடத்த, கொலை நடந்தது என்று மட்டும் காட்டினால் போதாது. உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தது, கொல்லப்பட்டவர் ஆயுதம் ஏந்தாத குடிமகன், கொலைக்கும் போருக்கும் தொடர்பு உண்டு என்ற மூன்றையும் காட்ட வேண்டும். இங்கேதான் பழைய பத்திரிகைக் கட்டுகளுக்கு உயிர் வருகிறது. அந்த அக்டோபரில் நிமலராஜன் அனுப்பிய செய்திகள், தேர்தல் வன்முறையைக் கண்காணித்த அமைப்புகளின் அறிக்கைகள், ஊரடங்கு அறிவிப்புகள், எந்தத் தெருவில் எந்த முகாம் இருந்தது என்ற விவரம் எல்லாமே சான்று. 2005இல் தொடங்கி ஈழத்துப் பத்திரிகைகளையும் பிரசுரங்களையும் மின்வடிவில் சேர்த்துவரும் நூலகம் நிறுவனத்தின் தன்னார்வலர்கள், தங்களுக்கே தெரியாமல் குற்றப் புலனாய்வுக்கு வேண்டிய அடித்தளத்தையும் போட்டு வைத்திருக்கிறார்கள்.

இதெல்லாம் சுலபத்தில் முடிகிற காரியமும் அல்ல. பிரிட்டனில் இந்தச் சட்டத்தின்படி குற்றம் சாட்ட அந்நாட்டு அட்டர்னி ஜெனரலின் ஒப்புதல் வேண்டும். ஆப்கானிஸ்தானின் ஆயுதக் குழுத் தலைவர் ஃபர்யாதி சர்தாத் தென் லண்டனில் சகஜமாக வாழ்ந்துகொண்டிருந்தபோது பிடிபட்டு, சித்திரவதைக்காகவும் ஆட்களைப் பணயக் கைதிகளாகப் பிடித்ததற்காகவும் 2005இல் 20 ஆண்டு தண்டனை பெற்றார். ஆனால் நேபாள ராணுவ அதிகாரி குமார் லாமா மீதான சித்திரவதை வழக்கு 2016இல் தோற்றது. அதற்கு முந்தைய ஆண்டு அந்த விசாரணை மொழிபெயர்ப்பாளர் சிக்கலால் நடுவில் நின்றுபோனது. பருத்தித்துறைக் கிழவர் ஒருவர் லண்டன் கூண்டில் ஏறி "வெளிச்சம் நூந்து கிடந்தது, சத்தம்தான் கேட்டது" என்று சொன்னால், விளக்கு அணைந்திருந்தது என்பதை ஜூரிக்கு யார் புரியவைப்பது? தொடுக்கப்படும் வழக்குகள் இப்படிப்பட்ட சின்ன இடங்களில்தான் சறுக்குகின்றன.

நம்பிக்கை தரும் கதை ஜெர்மனியில் இருக்கிறது. மேற்கு ஆப்பிரிக்க நாடான காம்பியாவில் 'த பாயின்ட்' நாளிதழின் இணை நிறுவனர் டெய்டா ஹைதரா 2004 டிசம்பர் 16 அன்று காரில் போகும்போது சுட்டுக் கொல்லப்பட்டார். சர்வாதிகாரி யாஹ்யா ஜாமேயின் கொலைப்படை மேல் சந்தேகம். நாட்டில் எதுவும் நடக்கவில்லை. அந்தப் படையின் ஓட்டுநர் ஒருவர் ஜெர்மனிக்குப் போய்ச் சேர்ந்தார். அங்கே சும்மா இருந்திருக்கலாம். 2013இல், நாடுகடந்து இயங்கிய ஒரு காம்பிய வானொலிக்குப் பேட்டி கொடுத்து, படை எப்படி இயங்கியது, யார் யாரைக் கொன்றது என்று விவரமாகப் பேசினார். 2021இல் ஜெர்மன் போலீஸ் கதவைத் தட்டியது. செல்லே நகர உயர் நீதிமன்றத்தில் அந்தப் பேட்டியே முக்கியச் சான்றாக ஓடியது. 2023 நவம்பர் 30 அன்று ஆயுள் தண்டனை. கொலை நடந்து பத்தொன்பது ஆண்டுக்குப் பிறகு ஒரு பத்திரிகையாளனுக்கு நீதி கிடைக்க, இன்னொரு பத்திரிகையாளனின் ஒலிப்பதிவு உதவியிருக்கிறது.

சிரியாவின் ஹோம்ஸ் நகரில் 2012 பிப்ரவரி 22 அன்று குண்டுவீச்சில் கொல்லப்பட்ட பத்திரிகையாளர் மேரி கொல்வினை ஈழத்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். 2001 ஏப்ரலில் வன்னியிலிருந்து திரும்பும் வழியில் ராணுவத்தின் தாக்குதலில் ஒரு கண்ணை இழந்தவர் அவர். 2019இல் அமெரிக்க நீதிமன்றம் சிரிய அரசையே பொறுப்பாக்கி 30 கோடி டாலருக்கு மேல் இழப்பீடு விதித்தது. சிரிய அரசிலிருந்து விலகி வந்தவர்களின் சாட்சியமும் வெளியே கடத்தப்பட்ட ஆவணங்களும் இல்லாமல் அது நடந்திருக்காது. அதே தாக்குதலுக்காக பிரெஞ்சு நீதிபதிகள் 2025இல் பஷார் அல் அசாத்துக்கே பிடியாணை போட்டார்கள்.

இப்போது ஒரு கேள்வி. நார்தாம்ப்டன்ஷயரில் கைதான நபருக்குப் பதிலாக, அதே சந்தேகத்துக்குரிய ஒருவர் கோவளத்தில் ஈசிஆர் ஓரமாக ஒரு வீடு எடுத்துத் தங்கியிருந்தால் தமிழ்நாடு போலீஸ் என்ன செய்திருக்க முடியும்? விசா காலாவதியாகிவிட்டதா என்று பார்த்திருக்கலாம். இலங்கை கேட்டால் ஒப்படைக்க முயன்றிருக்கலாம். இலங்கைதான் கோப்பை மூடிவிட்டதே. வெளிநாட்டில் வெளிநாட்டவர் செய்த போர்க்குற்றத்துக்கு, அதுவும் உள்நாட்டுப் போரில் நடந்த கொலைக்கு, இந்தியாவில் வழக்குப் போடச் சட்டம் இல்லை. இந்தியா ரோம் உடன்படிக்கையில் சேரவில்லை. 1960ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கைச் சட்டம் நாடுகளுக்கு இடையிலான போரின் கொடுங்குற்றங்களை மனதில் வைத்து எழுதப்பட்டது.

இது யாரோ சொல்லும் குறை அல்ல. 1984 சீக்கியர் படுகொலை தொடர்பான சஜ்ஜன் குமார் வழக்கில் 2018 டிசம்பர் 17 அன்று டெல்லி உயர் நீதிமன்றம், நீதிபதி எஸ். முரளிதர் அமர்வு, மனித குலத்துக்கு எதிரான குற்றமும் இனப்படுகொலையும் இந்தியச் சட்டத்தில் இடம்பெறவே இல்லை, இந்த ஓட்டையை அவசரமாக அடைக்க வேண்டும் என்று தீர்ப்பிலேயே எழுதியது. அதன் பிறகு இந்தியத் தண்டனைச் சட்டத்தையே தூக்கிப் போட்டுவிட்டு 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா வந்தது. பெயர் மாறியது, பிரிவு எண்கள் மாறின. ஓட்டை அப்படியே இருக்கிறது. சட்டம் புதிதாக எழுதப்பட்டபோது இதைச் சேர்க்கச் சொல்லித் தமிழ்நாட்டு எம்.பி.க்கள் அவையை உலுக்கினார்கள் என்று சொல்ல ஆசைதான். அப்படி ஒரு காட்சி நடக்கவில்லை.

சட்டம் இருந்தால் மட்டும் போதுமா என்று கேட்பவர்கள் சூளைமேட்டை நினைத்துப் பார்க்கலாம். 1986 நவம்பர் 1, தீபாவளி நாள். சூளைமேட்டில் ஈழ இயக்கத்தினருக்கும் உள்ளூர்க்காரர்களுக்கும் ஏற்பட்ட தகராறில் துப்பாக்கி வெடித்து ஒருவர் செத்தார். பின்னாளில் ஈ.பி.டி.பி.யின் தலைவரும் இலங்கை அமைச்சருமான டக்ளஸ் தேவானந்தா உட்படப் பத்துப் பேர் மீது வழக்கு. 1994இல் சென்னை நீதிமன்றம் அவரைத் தேடப்படும் குற்றவாளியாக அறிவித்தது. 2010 ஜூனில் அவர் இலங்கை ஜனாதிபதியின் தூதுக்குழுவில் ஒருவராக டெல்லிக்கு வந்து, பிரதமரோடு கைகுலுக்கிவிட்டுப் போனார். இந்திய மண்ணில், இந்தியச் சட்டத்தின்படி, சாட்சிகள் எல்லாம் ஆட்டோ பிடித்து வரக்கூடிய தூரத்தில் இருந்த வழக்கு இது.

முனைப்பு இருந்தால் எவ்வளவு வேகமாக நடக்கும் என்பதற்கும் இந்தியாவிலேயே சான்று உண்டு. மாவோயிஸ்ட் மோதல் பூமியான சத்தீஸ்கரின் பீஜாப்பூரில் பத்திரிகையாளர் முகேஷ் சந்திராகர் 2025 ஜனவரி 1 அன்று காணாமல் போனார். சாலை ஒப்பந்த ஊழல் பற்றிச் செய்தி வெளியிட்டவர். ஜனவரி 3 அன்று ஒப்பந்ததாரரின் இடத்தில், புதிதாக சிமென்ட் பூசியிருந்த கழிவுநீர்த் தொட்டியை உடைத்து உடலை எடுத்தார்கள். சில நாட்களில் முக்கியக் குற்றவாளியாகச் சொல்லப்பட்டவர் ஹைதராபாதில் பிடிபட்டார். மார்ச் மாதம் குற்றப்பத்திரிகை. பஸ்தர் பத்திரிகையாளர்கள் தெருவில் இறங்கியதும், அண்ணன் விடாமல் போலீஸைக் குடைந்ததும் அந்த வேகத்துக்குக் காரணம். அங்கே விசாரிக்கும் போலீசும் விசாரிக்கப்படும் ஒப்பந்ததாரரும் ஒரே முகாமில் தூங்கியவர்கள் அல்ல என்பதும் காரணம்தான்.

லண்டன் விசாரணைக்கு இப்போது வேண்டியது சாட்சிகள். 2000இல் யாழ்ப்பாணத்தில் இருந்தவர்கள் டொரொன்டோவிலும் ஓஸ்லோவிலும் பாரிஸிலும் மட்டும் இல்லை. தமிழ்நாட்டில் நூற்றுக்கு மேற்பட்ட மறுவாழ்வு முகாம்களில் ஐம்பதாயிரத்துக்கும் அதிகமானோர். முகாமுக்கு வெளியே, சென்னைப் புறநகர்களில் வாடகை வீடுகளில் இன்னும் பல்லாயிரம் பேர். 2006க்குப் பிறகு மறுபடி போர் மூண்டபோது யாழ்ப்பாணத்திலிருந்து படகேறி வந்தவர்கள் அவர்களில் உண்டு. யாருக்கு என்ன தெரியும் என்று யாரும் இதுவரை கேட்கவில்லை.

கேட்டாலும் சொல்வார்களா? முகாம்வாசிக்கு போலீஸ் என்றால் தமிழ்நாடு போலீஸின் உளவுக் கிளையான க்யூ பிரிவு. வெளியூர் போக அனுமதி கேட்பதும் அங்கே, விசாரணைக்கு நிற்பதும் அங்கே, அகதிகளை அடைத்துவைக்கும் 'சிறப்பு முகாம்' என்ற பெயரைக் கேட்டால் வயிறு கலங்குவதும் அந்தப் பிரிவால்தான். அப்படிப்பட்டவர் அதே க்யூ பிரிவு அலுவலகத்துக்குப் போய், "ஒரு கொலையைப் பற்றி எனக்குத் தெரியும்" என்று சொல்வார் என எதிர்பார்ப்பது அறியாமை. யாழ்ப்பாணத்தில் உறவினர்கள் இருக்கிறார்கள். சந்தேகப்பட்டவர்களின் நண்பர்களும் அங்கே இருக்கிறார்கள். மகேந்திர சாவ்லா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2018இல் ஏற்றுக்கொண்ட சாட்சிப் பாதுகாப்புத் திட்டம், இந்திய நீதிமன்றங்களில் சாட்சி சொல்பவருக்கானது. லண்டன் வழக்குக்குச் சாட்சி சொல்லும் அகதி அதற்குள் வரமாட்டார்.

தமிழக சட்டமன்றம் இலங்கைப் பிரச்சினையில் தீர்மானம் போடச் சளைத்ததே இல்லை. 2013இல் வாக்கெடுப்பு கோரித் தீர்மானம், காமன்வெல்த் மாநாட்டைப் புறக்கணிக்கக் கோரித் தீர்மானம். அவற்றின் நோக்கத்தைக் குறைசொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஒரு குறிப்பிட்ட இரவில், ஒரு குறிப்பிட்ட தெருவில், ஒரு குறிப்பிட்ட மனிதனைச் சுட்டவன் யார் என்பதைத் தீர்மானத்தால் கண்டுபிடிக்க முடியாது. அதற்குக் கையெழுத்திட்ட வாக்குமூலம் வேண்டும், தேதி வேண்டும், "நான் பார்த்தேன்" என்று சொல்லும் ஒரு ஆள் வேண்டும்.

மாநில அரசு நினைத்தால் செய்யக்கூடியது இருக்கிறது. க்யூ பிரிவைத் தள்ளிவைத்துவிட்டு, சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் வழக்கறிஞர்கள் வழியாக, பெயர் வெளிவராத உறுதியோடு, விருப்பமுள்ளவர்களின் வாக்குமூலத்தைப் பதிவு செய்யலாம். சாட்சி சொன்னதற்காக எவருடைய முகாம் பதிவோ உதவித்தொகையோ பாதிக்கப்படாது என்று அரசாணை போடலாம். குற்ற விசாரணைகளில் பரஸ்பரம் உதவ இந்தியாவுக்கும் பிரிட்டனுக்கும் 1992லேயே ஒப்பந்தம் இருக்கிறது. அதன் வழியாக லண்டன் அதிகாரிகள் இங்கே வந்து பேச டெல்லி வழிவிட வேண்டும். சென்னைப் பத்திரிகையாளர் சங்கங்கள் ஆண்டுதோறும் அக்டோபர் 19 அன்று அறிக்கை விடுவதோடு நிறுத்தாமல், லண்டன் போலீஸின் வேண்டுகோளைத் தமிழில் அச்சடித்துக் கும்மிடிப்பூண்டியிலிருந்து மண்டபம் வரை முகாம்களின் அறிவிப்புப் பலகைகளில் ஒட்டலாம். அன்று நாற்பது வயதில் இருந்த பக்கத்து வீட்டுக்காரருக்கு இப்போது அறுபத்தைந்தாவது ஆகியிருக்கும். இந்த வேலையை அடுத்த தேர்தல் முடியட்டும் என்று தள்ளிப்போட முடியாது.